நடு நாற்காலிக்காரர்

விமான நிலையத்துக்கு எதிரே இருக்கும் ஓட்டல் பொன்மாலையில், மூன்றாம் மாடி அறைகளில் இருந்த கட்டில்களையெல்லாம் கழற்றிக் கீழ்த்தளத்தில் அடுக்கிவிட்டு, அறைக்கொரு கம்பெனியாக ஸ்பீக்கர்களையும் ஆம்ப்ளிஃபயர்களையும் கொண்டுவந்து வைத்து வருஷத்துக்கொரு முறை மூன்று நாள் நடத்தும் ஒலிக் கண்காட்சியில், அந்த வருஷம் எடுத்த படங்களில் எல்லாம், எடுக்கும்போது அங்கே இல்லாத ஒருவர் உட்கார்ந்திருந்தார்; அவரைப் பற்றிச் சொல்லுமுன் படம் எடுத்த மங்கையர்க்கரசியைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும்.

மங்கையர்க்கரசி சைதாப்பேட்டையில் இருந்தார். நாற்பத்து மூன்று வயது. பதினெட்டு வருஷமாகக் குக்கர், மிக்ஸி, எவர்சில்வர் டம்ளர், கிரைண்டர் என்று பளபளக்கிற சாமான்களைக் கம்பெனிப் புத்தகங்களுக்குப் படம் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். பளபளக்கிற சாமானைப் படம் எடுப்பதில் உள்ள தொல்லை, சாமானோடு சேர்ந்து எடுக்கிறவரும் படத்தில் விழுந்துவிடுவார் என்பது. ஆகவே மங்கையர்க்கரசி தலை முதல் கால் வரை கறுப்பு உடுத்தி, கறுப்புத் துணியொன்றில் லென்ஸ் அளவுக்கு ஓட்டை போட்டு அதற்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, குக்கரின் வயிற்றில் தன் நிழல்கூட விழாதபடி படம் எடுக்கக் கற்றிருந்தார். அவர் முகம் எந்தக் குக்கரிலும் இல்லை, அவர் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை. கண்காட்சிச் சங்கத்தின் செயலாளர் வைகுந்தவாசன் அவரை அழைத்தபோது சொன்ன ஒரே ஆசை வார்த்தை, "எங்க கண்காட்சி மலர் அட்டையிலே உங்க பேர் வரும்மா" என்பதுதான். மங்கையர்க்கரசி அதைக் கேட்டதுமே ஒத்துக்கொண்டார். வீட்டுக்குப் போய்ப் புதிதாக ஒரு கறுப்புச் சுடிதார் தைக்கக் கொடுத்தார்.

அந்த அறைகளில் படம் எடுப்பது குக்கரை எடுப்பதைவிடக் கஷ்டமாக இருந்தது. பாட்டுக் கேட்கிறவர்களுக்கு வெளிச்சம் ஆகாது என்று திரைச்சீலைகளை இழுத்து மூடியிருந்தார்கள். ஃப்ளாஷ் அடித்தால் முப்பது பேர் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்தார்கள். ஆம்ப்ளிஃபயரின் கண்ணாடி வால்வுகள் அடுப்புக் கங்கு மாதிரி மினுங்குவது தெரிய வேண்டுமென்றால் கேமராவை ட்ரைபாடில் நிறுத்தி எட்டு வினாடி மூச்சடக்கிக் காத்திருக்க வேண்டும். கறுப்பு அரக்கு பூசிய ஸ்பீக்கர் பெட்டிகளோ அறையில் உள்ள தண்ணீர் பாட்டில், கதவு, செயலாளரின் தொப்பை என்று அத்தனையையும் வாங்கி வைத்துக்கொண்டன. ஒவ்வொரு அறையிலும் பெட்டிகளுக்கு எதிரே மூன்று நாற்காலிகள் இருந்தன. இரண்டு பெட்டியின் சத்தமும் சரியாக வந்து கூடுகிற இடம் நடு நாற்காலி என்பதால் அதற்கு வரிசை நிற்கும். அதனால் மங்கையர்க்கரசி ஆட்கள் வருமுன் காலை எட்டு மணிக்கே போய், நடு நாற்காலிக்குப் பின்னால் நின்று, நாற்காலியின் முதுகு கீழே தெரிய, இரண்டு பக்கமும் பெட்டிகள் நிமிர்ந்து நிற்க, படம் எடுத்தார்.

வெள்ளிக்கிழமை காலையில் முதலாவதாக எடுத்தது பெரிய அறையில், இறக்குமதிக்காரர் ரங்கபாஷ்யத்தின் பீரோ உயரப் பெட்டிகளை. எட்டு வினாடி கழித்துத் திரையில் பார்த்தபோது நடு நாற்காலியில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். வெளிர் பச்சை அரைக்கைச் சட்டை, மடியில் மடக்கிய குடை, வழுக்கை. நிமிர்ந்து பார்த்தால் நாற்காலி காலி. மறுபடி எடுத்தார், மறுபடி இருந்தார். பின்னாலிருந்து எடுத்ததால் முதுகுதான் தெரிந்தது, ஆனால் அவர் முகத்தின் இடப்பாதி இடது பெட்டியின் அரக்கிலும் வலப்பாதி வலது பெட்டியின் அரக்கிலும் கண்ணாடியில் போலத் தெளிவாக விழுந்திருந்தது. ஐம்பத்தைந்து வயசு இருக்கும். ஏதோ கசப்பு மாத்திரையை மென்றுவிட்ட முகம்.

மங்கையர்க்கரசிக்குப் பயம் வரவில்லை, எரிச்சல் வந்தது. ஒரு மணி நேரம் பாடுபட்டுப் பெட்டியிலிருந்து எல்லா நிழலையும் விரட்டியிருந்தார். இப்போது ஒரு ஆளே வந்து உட்கார்ந்துகொண்டார்.

"யாரை உள்ளே விட்டீங்க?" என்று வைகுந்தவாசன் கேட்டார்.

"நான் யாரையும் விடலை சார். நாற்காலி காலியாத்தான் இருந்துச்சு."

"அப்ப இவர்?"

"படத்திலே மட்டும் இருக்கார்."

வைகுந்தவாசன் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். "அனுமதி அட்டை போடலையே இவர்" என்று மட்டும் சொன்னார்.

பத்து மணிக்குள் நான்கு அறைகளில் எடுத்த நான்கு படங்களிலும் அவர் இருந்தார். எதிரே போய் நின்று நாற்காலியை மட்டும் எடுத்தால் வெறும் நாற்காலிதான். பெட்டிகள் படத்தில் இருந்தால்தான் அவரும் இருந்தார். வேறு இடமாக இருந்தால் மந்திரவாதியைக் கூப்பிட்டிருப்பார்கள். ஆனால் அங்கே கூடியிருந்தவர்கள், மின்சாரம் வருகிற ஒயரை மாற்றினால் வீணைக்காரரின் விரல் நகம் கேட்கும் என்று அறிந்தவர்கள், பெட்டிக்கு அடியில் தேக்குக்கட்டை வைத்தால் ஒரு மாதிரியும் கருங்காலிக்கட்டை வைத்தால் ஒரு மாதிரியும் மிருதங்கம் பேசும் என்று பதினைந்து வருஷமாகச் சண்டை போட்டவர்கள். நாற்காலியில் இல்லாத ஒருவர் படத்தில் இருப்பது அவர்களுக்குப் பெரிய விஷயமாகப் படவில்லை. அவர்கள் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்றுதான்: எந்த அறையில் அவர் முகம் எப்படி இருக்கிறது?

மத்தியானத்துக்குள் அவருக்கு நடு நாற்காலிக்காரர் என்று பெயர் வந்துவிட்டது. 309-இல் அவர் மூக்கைப் பிடித்துக்கொண்டிருக்கிறார், 312-இல் கொட்டாவி விடுகிறார், 315-இல் குடையின் கைப்பிடியைச் சுரண்டிக்கொண்டிருக்கிறார் என்று செய்தி தாழ்வாரத்தில் ஓடியது. 312-காரர் பெட்டிகளை ஒரு அங்குலம் பின்னால் தள்ளிவிட்டு மங்கையர்க்கரசியிடம் ஓடிவந்து, "இப்ப ஒண்ணு எடுங்க மேடம், முகம் தெளிஞ்சிருக்கான்னு பார்ப்போம்" என்றார். எடுத்தார். கொட்டாவி பாதியாகக் குறைந்திருந்தது. அவ்வளவுதான், அதற்குப் பிறகு எல்லா அறையிலும் பெட்டிகள் நகர ஆரம்பித்தன, ஒயர்கள் மாற ஆரம்பித்தன, மங்கையர்க்கரசி ட்ரைபாடைத் தூக்கிக்கொண்டு பிரசவம் பார்க்கிறவரைப் போல அறைக்கு அறை அழைக்கப்பட்டார். நடு நாற்காலியில் யாரும் உட்காரக் கூடாது என்று கைக்குட்டை விரித்தார்கள். ஒருவர் அதன் பக்கத்தில் காபி வைத்தார், அது ஆறியதும் மாற்றியும் வைத்தார். சனிக்கிழமை காலையில் சங்கமே ஒரு அனுமதி அட்டை அடித்து, பெயர் இருக்க வேண்டிய இடத்தில் கோடு போட்டு, வரவேற்பு மேஜையில் வைத்துவிட்டது.

மங்கையர்க்கரசிக்கு மனசு விட்டுப்போயிற்று. வால்வின் மினுங்கல், ஆம்ப்ளிஃபயரின் தாமிரத் தகட்டு விளிம்பில் ஒரு நூல் அளவு வெளிச்சம், மூடியிருந்த திரையின் ஓரத்தில் கசிகிற பகலை மறைக்க அவர் ஒட்டிய அட்டைகள் — இவை எதையும் ஒருவரும் பார்க்கவில்லை. படத்தை வாங்கியதும் இரண்டு விரலால் விரித்துப் பெரிதாக்கி, அவர் பதினெட்டு வருஷமாக விரட்டக் கற்றிருந்த அந்த நிழலைத்தான் பார்த்தார்கள்.

சனிக்கிழமை சாப்பாட்டு நேரத்தில், யாரும் கூப்பிடாத ஓரிடம் தேடிப் போனபோது, சாமான் லிஃப்டுக்குப் பக்கத்தில் 327-ஆம் அறை திறந்திருந்தது. உள்ளே செல்லத்துரையும் அவர் மனைவி பகவதியும் தரையில் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். செல்லத்துரை சங்கரன்கோவில் பக்கம் கல்யாணங்களுக்கு ஸ்பீக்கர் வாடகைக்கு விட்டவர். சத்தமாகக் கேட்டது போதும், நன்றாகக் கேட்க வேண்டும் என்று ஒருநாள் தோன்றிவிட்டதால், வாகை மரத்தில் தானே பெட்டி செய்ய ஆரம்பித்து, ஆறு வருஷத்தில் ஒன்பது ஜோடியை உடைத்துப் போட்டுப் பத்தாவது ஜோடியை இங்கே கொண்டுவந்திருந்தார்.

"வாங்கக்கா, உக்காருங்க. ரெண்டு நாளா இந்தப் பக்கம் ஒரு ஈ எறும்பு வரல்ல" என்றார் பகவதி. "இந்தத் தடவையும் யாரும் கேக்கலைன்னா பெட்டியை ஒடைச்சிருவேன், மரமும் வேண்டாம் மயிரும் வேண்டாம்னு இவுகளே சொல்லியிருக்காக."

"சொன்னேன்" என்றார் செல்லத்துரை.

"ஒடைக்க விடமாட்டேன். ஆனா அவுக சொன்னது சொன்னதுதான்."

செல்லத்துரை ஒரு நாதஸ்வர இசைத்தட்டைப் போட்டார். மங்கையர்க்கரசிக்குப் பாட்டில் ஞானம் கிடையாது. ஆனால் சாதத்தைப் பிசைந்த கையை வாய்க்குக் கொண்டுபோகாமல் ஆலாபனை முடியும் வரை அப்படியே வைத்திருந்தார். பிறகு கையைக் கழுவிவிட்டு, யாரும் கேட்காமலேயே ட்ரைபாடை விரித்தார்.

படத்தில் அவர் இருந்தார். வெளிர் பச்சைச் சட்டை, வழுக்கை, தலை கொஞ்சம் இடது பக்கம் சாய்ந்திருந்தது. ஆனால் முகம் தெரியவில்லை. செல்லத்துரையின் பெட்டிகளுக்கு அரக்கு இல்லை, எண்ணெய் மட்டும் தேய்த்த மரம். அது வெளிச்சத்தைக் குடித்ததே தவிர ஒரு நிழலையும் திருப்பிக் கொடுக்கவில்லை.

செய்தி பரவி ஒரு கூட்டம் 327-க்கு வந்தது. தலை சாய்ந்திருப்பது சொக்கிப்போனதால் என்று ஒரு கட்சியும், தூங்கிப்போனதால் என்று ஒரு கட்சியும் பிரிந்தன. பெட்டிக்கு வார்னிஷ் அடித்துவிடு, அரை நாளில் காய்ந்துவிடும், முகம் தெரிந்துவிடும் என்று எல்லாரும் சொன்னார்கள். "வார்னிஷ் அடிச்சா மரம் வாயை மூடிக்கிடும்" என்று செல்லத்துரை மறுத்துவிட்டார். பகவதி ஓட்டல் சமையல்கட்டிலிருந்து ஒரு பெரிய எவர்சில்வர் தாம்பாளம் வாங்கிவந்து இரண்டு பெட்டிக்கும் நடுவில் சாய்த்து வைத்தார். நாதஸ்வரம் ஆரம்பித்ததும் தாம்பாளமும் சேர்ந்து கிணுகிணுக்க, படத்தில் நடு நாற்காலிக்காரர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு இருந்தார். தாம்பாளத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். முகம் தெரியாத தீர்ப்பை வைத்து என்ன செய்வது என்று கூட்டம் கலைந்து ரங்கபாஷ்யத்தின் அறைக்குப் போயிற்று. அங்கே கசப்பு மாத்திரை முகம் எட்டாவது ஒயர் மாற்றத்துக்குப் பின் சாதாரண மாத்திரை முகமாக ஆகியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு, வெளிர் பச்சை அரைக்கைச் சட்டையும் குடையுமாக ஒருவர் திண்டிவனம் பஸ்ஸிலிருந்து இறங்கி, சாலையைக் கடந்து, வரவேற்பு மேஜைக்கு வந்தார்.

"என் பேரு உலகநாதன். என் போட்டோ இங்க சுத்துதுன்னு மருமவன் போன்ல காட்டினான். என்ன ஏதுன்னு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

கோடு போட்ட அட்டையை அவர் கழுத்தில் மாட்டி, மாப்பிள்ளை அழைப்பு மாதிரி அழைத்துப் போனார்கள். உலகநாதன் திண்டிவனத்துக்கு வெளியே ஒரு எடைமேடையில், லாரிகளை எடை போட்டுச் சீட்டுக் கொடுக்கும் வேலையில் இருந்தார். கரும்புப் பருவம் முடிந்து லாரி குறைந்துவிட்டதால் ரெண்டு நாளாக நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்குவதாகவும், தூங்கினால் ஒரே குளிராக, ஒரே இருட்டாக ஒரு இடமும், யாராவது ஒருவர் பாட்டுப் போடுவதுமாகக் கனவு வருவதாகவும் சொன்னார். "அது இந்த எடந்தானா" என்று தாழ்வாரத்தைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார்.

ரங்கபாஷ்யம் அவரைக் கைபிடித்து நடு நாற்காலியில் உட்கார வைத்து, தன்னிடம் உள்ளதிலேயே உயர்ந்த தட்டைப் போட்டு, அது முடிந்ததும் குனிந்து கேட்டார்: "எப்படி இருக்கு?"

"நல்லா இருக்குங்க."

"வெள்ளிக்கிழமை உங்க முகம் அப்படி இல்லையே."

"வெள்ளிக்கெழமை பல்வலிங்க. சனிக்கெழமை கிராம்பு வச்சேன், தேவலாம்."

"எட்டு ஒயர் மாத்தினேனே?"

"அப்படிங்களா" என்றார் உலகநாதன் மரியாதையாக.

அறை அறையாகக் கூட்டிப்போனார்கள். எல்லா இடத்திலும் நல்லா இருக்கு என்றார். காபி நல்லா இருக்கு என்றும் சொன்னார். மக்களின் முகம் சுருங்கிக்கொண்டே வந்தது. கடைசியில் வைகுந்தவாசன், "அவர் உட்கார்ந்திருக்கும்போது ஒரு படம் எடுங்கம்மா" என்றார். மங்கையர்க்கரசி எடுத்தார். உலகநாதன் எதிரே உயிரோடு உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருக்க, படத்தில் நாற்காலி காலியாக இருந்தது. மூன்று அறைகளில் மூன்று முறை எடுத்தும் காலி.

தாழ்வாரத்தில் ஒரு நிம்மதி பரவியது. இவர் அவர் இல்லை, போலி என்று தெரிந்துபோயிற்று. இரண்டு நாள் முகத்தை இம்மி இம்மியாகப் படித்தவர்கள், நிஜ உலகநாதனின் காது கொஞ்சம் பெரியது என்றும், வழுக்கையின் எல்லை வேறு என்றும் கண்டுபிடித்தார்கள். ஒருவர் அவர் கழுத்திலிருந்து அட்டையைக் கழற்றிக்கொண்டார்.

வைகுந்தவாசன் மங்கையர்க்கரசியைத் தனியே அழைத்தார். "படத்தில இருக்கறவர் வேற, இவர் வேறன்னு நீங்க நாலு வரி எழுதிக் கொடுத்துடுங்க. மலர்ல போட்டுடறோம். அட்டைல உங்க பேரையும் பெரிசாப் போட்டுடறோம்."

"ரெண்டும் ஒரே ஆளுதான் சார். சட்டையிலே மூணாவது பட்டன் மட்டும் வேற கலர். படத்திலே பெட்டி அரக்கிலே விழுந்திருக்கறதும் அப்படித்தான், இவர் போட்டிருக்கறதிலேயும் அப்படித்தான்."

"யாரும் பட்டனைப் பார்க்கலையே."

"நான் பார்த்தேனே."

"அப்ப அட்டையைப் பத்தி நான் ஒண்ணும் சொல்ல முடியாதும்மா."

"சொல்லவேண்டாம் சார்" என்றார் மங்கையர்க்கரசி. பின்னால் வந்த மலரில் அட்டையில் பெயர் இல்லை. படங்கள் அவருடையவைதான், வேறு யாரிடமும் படம் கிடையாதே. நடு நாற்காலிக்காரரை மட்டும் வெட்டி எடுத்துப் பெரிதாக்கிப் போட்டிருந்தார்கள். மங்கையர்க்கரசி அந்த மலரை வாங்கவில்லை.

அன்று வைகுந்தவாசனிடம் பேசிவிட்டு அவர் திரும்பி வந்தபோது உலகநாதன் தாழ்வாரத்து சோபாவில் தனியாக உட்கார்ந்திருந்தார். கோபம் ஒன்றும் இருக்கிற மாதிரி தெரியவில்லை.

"படத்தை ஒருதரம் காட்டும்மா. மருமவன் போன்ல சின்னதா இருந்துச்சு."

மங்கையர்க்கரசி கேமராவை அவர் மடியில் வைத்தார். உலகநாதன் ஒவ்வொரு படமாக, லாரி பாரத்தைச் சுற்றிவந்து பார்க்கிறவரைப் போல, மூலைக்கு மூலை பார்த்தார். தன்னை அவர் பார்க்கவே இல்லை.

"இம்மாம் பெரிய பெட்டி, எண்ணெய்ச் சட்டி மாதிரி மினுக்குது. கண்ணுக்குத் தெரியறது என் மூஞ்சி ஒண்ணுதான். ஜன்னல் இல்லை, லைட் இல்லை, எடுத்தவங்க இல்லை. நீ எங்கம்மா நின்னே?"

"அங்கேதான். நாற்காலிக்கு நேர் பின்னாலே."

"தெரியலியே" என்றார் உலகநாதன், நிஜமான ஆச்சரியத்தோடு. "எவ்ளோ நேரம் ஆச்சு இதுக்கு?"

"ஒரு மணி நேரம்."

"ஆவும்" என்று சொல்லி, முதல் படத்துக்கே திரும்பப் போய் மறுபடி ஆரம்பத்திலிருந்து பார்த்தார். மங்கையர்க்கரசி பக்கத்தில் உட்கார்ந்து, கேட்டதற்கும் கேட்காததற்கும் பதில் சொன்னார். கறுப்புத் துணியைப் பற்றி, எட்டு வினாடியைப் பற்றி, ஒட்டிய அட்டைகளைப் பற்றி. பதினெட்டு வருஷத்தில் அவ்வளவு நேரம் அவர் தன் வேலையைப் பற்றி யாரிடமும் பேசியதில்லை.

பதினோரு மணிக்கு, "எங்கேயாச்சும் சாஞ்சா தேவலாம்மா, விடியகாலம் எழுந்தது" என்றார் உலகநாதன். மங்கையர்க்கரசி அவரை 327-க்கு அழைத்துப்போனார். பகவதி நாற்காலியைத் துடைத்துப் போட்டார். செல்லத்துரை, போலி என்று சொல்லப்பட்டவரிடம் அபிப்பிராயம் கேட்பது சரியா தப்பா என்று தெரியாமல், கேட்காமலேயே தட்டைப் போட்டார். இரண்டு நிமிஷத்தில் உலகநாதன் தூங்கிவிட்டார். இடது பக்கம் தலை சாய்ந்தது. மங்கையர்க்கரசி ஒரு படம் எடுத்தார். படத்தில் நாற்காலி காலி.

"தூங்கிட்டாரு" என்றார் செல்லத்துரை. "அப்ப நேத்தும் தூங்கித்தான் இருக்காரு." தட்டு முடிந்தால் அடுத்த தட்டைப் போட்டுக்கொண்டும், கை சும்மா இராமல் வலது பெட்டியைக் கொஞ்சம் உள்ளே திருப்பிக்கொண்டும் இருந்தார். பகவதி, பாட்டுக்கு வேண்டாத ஒயர்களைச் சுருட்டிப் பைக்குள் வைக்க ஆரம்பித்தார்.

ஒரு மணி வாக்கில் உலகநாதனின் சட்டைப் பையில் போன் அடித்தது. அவர் திடுக்கிட்டு விழித்து, எடைமேடை முதலாளி என்று பார்த்ததும் எழுந்து நின்று, வழக்கம்போல சத்தமாக வைத்து, "சொல்லுங்க முதலாளி" என்றார். அன்றைக்கு அவர் லீவு சொல்லாமல், கூட வேலை செய்கிறவரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வந்திருந்தார்.

"என்னய்யா நெனச்சிக்கிட்டிருக்கே?" என்றது போன். எடைமேடை அறையில், லாரி ஏறும்போதெல்லாம் லாரியையும் எடை போடுகிறவரையும் சேர்த்துப் படம் எடுத்து முதலாளியின் போனுக்கு அனுப்புகிற கேமரா ஒன்று இருந்தது. "பதினோரு மணியிலேர்ந்து ஆறு லாரி ஏறியிருக்கு. ஆறு படத்துலயும் நாற்காலியில ஒக்காந்து ஈன்னு பல்லைக் காட்டிக்கிட்டு இருக்கே. டிரைவருங்க பாத்தா எடையில என்னவோ பண்றான்னு நெனக்க மாட்டாங்க?"

"சிரிக்கறேனுங்களா?"

"சிரிப்பா அது? கடைசிப் படத்துல கண்ணுல தண்ணி வேற. தொடையில கை, தாளம் போட்டிருக்கே. இருபத்திரண்டு வருஷமா உன்னைப் பாக்கறேன்யா, உனக்குக் கல்யாணம் ஆனப்பகூட நீ இப்படிச் சிரிக்கலை. என்ன ஆச்சு?"

உலகநாதன் போனைக் காதிலிருந்து எடுத்து, தன்னைச் சுற்றி இருந்த மூவரையும் பார்த்தார். பிறகு இரண்டு வாகைப் பெட்டிகளையும் பார்த்தார். சுருட்டிய ஒயரைக் கையில் வைத்துக்கொண்டு பகவதி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். செல்லத்துரை கிட்டே வந்து, இரண்டு கையாலும் போனை வாங்கிக்கொண்டார்.

"ஐயா, வணக்கம். என் பேரு செல்லத்துரை, பெட்டி செய்தவன். பன்னெண்டே காலுக்கு வந்த படத்தைக் கொஞ்சம் பாத்துச் சொல்லுவியளா? அப்பதான் வலது பெட்டியை ரெண்டு வெரக்கடை உள்ள திருப்பினேன். அதுக்கு முந்தி நல்லாச் சிரிக்காரா, பிந்தி நல்லாச் சிரிக்காரா?"

"இருய்யா, பாக்கறேன்" என்றது போன்.

பகவதி, சுருட்டிய ஒயர்களைப் பையிலிருந்து எடுத்து மறுபடி விரித்துக்கொண்டிருந்தார்.